ஒரு பெட்டி பேரீச்சம்பழம்

என் புருஷன் தேசப்பன் கையில் மைக் இருந்தால் ரவுடி. கீழே வைத்துவிட்டால் கரப்பான்பூச்சிக்குப் பயப்படுகிற மனுஷன். விம்கோ நகரில் எங்கள் சபையில் மேடையேறிப் பழைய பாவத்தைச் சாட்சியாகச் சொல்லிச் சொல்லியே அவருக்குப் பேர் 'சாட்சி தேசப்பன்'. அவர் மனந்திரும்பி நாலு வருஷம் ஆகிறது, பாவம்தான் வருஷா வருஷம் வளர்ந்துகொண்டே போகிறது. முதல் வருஷம் குடித்தேன் என்றார். அடுத்த வருஷம் சூதாடினேன் என்றார். போன வருஷம் காசிமேட்டில் கத்தியோடு திரிந்தேன் என்று அழுதார். எங்கள் வீட்டுக் கத்தியில் தக்காளியே அறுபடாது. சபையே அல்லேலூயா என்று கதற, நானும் கை தட்டினேன். பாஸ்டரம்மா எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருக்கும்போது வேறென்ன செய்வது?

எதிர்வீடு ஜஹாங்கீர் பாயுடையது. ஹார்பரில் என் புருஷனோடு ஒரே கேங்கில் சரக்கு இறக்கியவர். ஐந்து வருஷத்துக்கு முன்னால், ரம்ஜான் நோன்பும் கிறிஸ்துமஸும் ஒரே மாதத்தில் வந்தபோது, கப்பலில் வந்த பேரீச்சம்பழத்தில் ஒரு பெட்டி காணாமல் போனது. நோன்பு காலம், பேரீச்சம்பழம், பாய். காண்ட்ராக்டருக்கு இதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. பாயின் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு திருடன் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து மாதவரத்தில் லாரிக்கு மூட்டை தூக்குகிறார்.

பெட்டி இறங்கியது என் அடுப்படியில். தூக்கி வந்தவர் சாட்சி தேசப்பன்.

இந்த வருஷக் கன்வென்ஷனுக்கு, சபையின் மூன்று நாள் கூட்டத்துக்கு, ஒரு ஸ்பீக்கரை பாய் வீட்டைப் பார்த்தே கட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அதில் என் புருஷன், "ஹார்பர்ல டன் டன்னா திருடினேன்!" என்று முழங்கினார். சனிக்கிழமை காலையிலேயே பாய் வாசலில் வந்து நின்றார்.

"தேசப்பா, ஸ்பீக்கர்ல கேட்டேன். டன்னெல்லாம் வேணாம்பா. அந்த ஒரு பெட்டிய மட்டும் ஆபீஸ்ல வந்து சொல்லு. புது காண்ட்ராக்டரு பழைய கேஸெல்லாம் பாத்துகினு கீறாரு. திங்கக்கெயம கடைசி."

"பாய், நான் ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன். அவரு மன்னிச்சிட்டாரு."

"மன்னிச்சிருப்பாருபா. கேட் பாஸு அவரு கைல இல்லியே."

"ஜெபம் பண்ணிட்டு சொல்றேன் பாய். இதுக்குன்னே நாப்பது நாள் உபவாசம் இருக்கலாம்னு கீறேன்."

"திங்கக்கெயமக்கு ரெண்டு நாள்தான் கீது," என்று சொல்லிவிட்டு பாய் போய்விட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பந்தல் நிறைந்த கூட்டம். கீபோர்டு உருகியது. என் புருஷன் மைக்கை வாங்கிக் கண்ணை மூடி, "ஒரு நாள் நான் ஒரு கொலைக்கே துணிஞ்சி..." என்று ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, முன்வரிசையில் எழுந்து நின்றுவிட்டேன்.

"யோவ், பேரீச்சம்பழத்த சொல்லுய்யா!"

பாஸ்டரம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை. தேசப்பன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், ஸ்பீக்கர் இருக்கிற திசையைப் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்வை. அவர் பேசியபோது அது மேடைக்குரல் இல்லை, கரப்பான்பூச்சியைக் கண்டவுடன் என்னைக் கூப்பிடுகிற குரல்.

"ஒரு பெட்டி பேரீச்சம்பழம். நான்தான் எட்த்தேன். ஜஹாங்கீர் பாய் எடுக்கல. கத்தி, சூதாட்டம்லாம் சும்மா சொன்னது."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. பின்னால் ஒரு பெண் சிரித்தாள். பாஸ்டர் கண் காட்ட, கீபோர்டுக்காரர் சட்டென்று ஒரு பாட்டுக்குத் தாவினார். இந்த வருஷம் சாட்சியில் ஆவியின் அபிஷேகம் குறைவு என்று மூப்பர்கள் பேசிக்கொண்டார்கள்.

மைக் பிடித்தால் முக்கால் மணி நேரம் பேசுகிறவர், திங்கட்கிழமை ஆபீஸில் மூன்றே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாய்க்குக் கேட் பாஸ் கிடைத்தது. இவருடையதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து ஒரு தட்டு சோறு சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கினார்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அவரை ஊருக்கு முன்னால் சொல்ல வைத்தேனே, நான் சொல்ல வேண்டியதை யார் சொல்வது?

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓர் எவர்சில்வர் டப்பா போய் வந்துகொண்டிருக்கும். இங்கிருந்து கிறிஸ்துமஸ் கல்கல் போகும், அங்கிருந்து நோன்புக் கஞ்சி வரும். பாயின் மனைவி காத்தூன் பீவி அக்கா ஒரு நாளும் அதை வெறுமையாகத் தந்ததில்லை, ஒன்றும் இல்லாத நாளில் ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கும். செவ்வாய்க்கிழமை அந்த டப்பாவில் வட்டிலப்பம் செய்து எடுத்துக்கொண்டு போனேன்.

"அக்கா, அந்தப் பொட்டில பாதிய நான் கேக்குல போட்டேன். மீதிய... பாய்க்கு வேல போன அன்னிக்கி சாயந்தரம், நோன்பு தொறக்கன்னு உங்களுக்குக் குட்த்தேனே, அதான்க்கா."

அக்கா என்னையே பார்த்தார். "அன்னிக்கி அந்தப் பேரீச்சம்பழத்த கைல வச்சிகினு ஒனக்கும்தான் துவா செஞ்சேன், பாக்கியம்," என்றார். டப்பாவை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

மறுநாள் காலை டப்பா என் வாசலில் இருந்தது. பளிச்சென்று கழுவியிருந்தது. திறந்து பார்த்தேன், உள்ளே ஒன்றுமில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இந்த வாரம் பூராவும் அது என் அடுப்பு மேடையில்தான் இருக்கிறது. நிரப்ப வேண்டியது நான்தான். எதை வைத்து என்றுதான் தெரியவில்லை.