கால்விரல் இடுக்கு

பெஞ்சில் சாய்த்து உட்கார வைத்திருந்த ஆஞ்சப்பனின் சடலத்துக்குத் தலையில் எண்ணெய் தொட்டு வைத்துவிட்டுப் பெண்கள் ஒதுங்கினார்கள். இனிக் குளிப்பாட்டுவது பங்காளிகள் வேலை. முனிலட்சுமி மட்டும் நகரவில்லை. புருஷனின் காலருகே குடத்தைப் பிடித்தபடி நின்றாள்.

"கொடத்தக் குடும்மா லட்சுமி," என்றார் ஆஞ்சப்பனின் அண்ணன் எல்லப்பன். "ஆம்பளைங்க பாத்துக்கறோம்."

"நான்தான் குளிப்பாட்டுவேன் மாமா."

"நம்ம வழக்கம் அப்படி இல்லியே."

"இல்லாட்டி போகட்டும்."

மூக்கண்டப்பள்ளி கம்பெனியில் ஆஞ்சப்பன் மெஷின் ஆபரேட்டர். ட்ரெயினிங் என்று அடிக்கடி ஜப்பானுக்கு அனுப்பினார்கள். அங்கே காசு வாங்கிக்கொண்டு பெண்கள் ஆண்களைக் குளிப்பாட்டும் ஒரு வீடு. குளியலோடு நிற்கிற இடமும் அல்ல அது. போகும்போதெல்லாம் அதே வீடு, அதே பெண். மறைக்கத் தெரியாத மனுஷன், அவனே வந்து சொன்னான்.

"திட்டுறதுன்னா திட்டு. தளிப் பக்கம் கூலிக்குப் போனப்ப தீட்டுன்னு நமக்குத் தண்ணிய எட்ட நின்னுதான் ஊத்தினாங்க. இவ என் காலைத் தொட்டாடி. மூஞ்சி சுளிக்கல."

அன்றைக்கு அவனுடைய சோப்பு டப்பாவைத் தூக்கித் தெருவில் எறிந்தாள் முனிலட்சுமி. அந்தக் கோபம் இந்த நிமிஷம் வரை தணியவில்லை. எதற்குத் தணிய வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றியதில்லை.

பந்தலில் யாரோ "ஜப்பான் குளியல்" என்று முணுமுணுத்தார்கள். ஒருவன் சிரிப்பை இருமலாக்கினான். அவள் திரும்பிப் பார்த்தது, ஆஞ்சப்பனோடு ஜப்பான் போய்வந்த கோவிந்தப்பனை.

"நீயும் அங்க போனவன்தானே? அவ எதுல இருந்து ஆரம்பிப்பா? சொல்லு."

"அம்மா!" என்றான் மகன் ஆனந்தராஜ்.

"நீ சும்மா இருடா."

கோவிந்தப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "கால்ல இருந்துதான்க்கா. கீழ முட்டி போட்டு, ஒவ்வொரு வெரலா நுரை போட்டுத் தேய்ப்பாங்க. அவசரமே பட மாட்டாங்க." சுற்றிலும் பார்த்தான். குரல் உயர்ந்தது. "கூலிக்குத்தான் செய்யறாங்க, தெரிஞ்சேதான் போனோம். அங்க இருக்கற வரைக்கும் நாமளும் ஒரு மனுசன்னு இருக்கும். சொல்றதுல எனக்கு வெக்கமில்ல."

யாரும் சிரிக்கவில்லை.

முனிலட்சுமி குடத்தை இறக்கிவிட்டுப் புடவையைச் செருகினாள். ஈர மண்ணில் முட்டி போட்டாள்.

"தேய்ச்சி விட்டவ அவ ஒருத்திதான்னு இவரு போகக் கூடாது மாமா."

எல்லப்பன் குடத்தைத் தானே எடுத்து அவள் கைமேல் சாய்த்தார்.

சுண்டுவிரல் இடுக்கில் மெஷின் ஆயிலின் கறுப்பு அப்பியிருந்தது. சீயக்காய்க்குப் போகவில்லை.

"சோப்பு எடுத்துட்டு வாடா," என்றாள் மகனிடம்.

வெளியே சுடுகாட்டு வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அவள் அடுத்த விரலை எடுத்துக்கொண்டாள்.