கீழ்த்தட்டு வைப்பர்

கடைக்காரர் கார் வைப்பர் விற்கும் பேச்சைக் கேட்டால், உடனே மழை பெய்யாதா என்று ஆசை வரும். "இது இரும்புச் சட்டம் போட்ட பழைய ரகம், கண்ணாடி வளைவுல சரியா படியாது. இது சட்டமில்லாத பட்டை, ஒட்டிக்கிட்டே ஓடும். ரப்பர்னா வெயில்ல விறைச்சுப் போகும். சிலிகான்னா தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடிடும்."

அத்தனையும் உண்மை. பொய் வாயில் இல்லை, கையில் இருந்தது. பேரத்தில் விலை இறங்க இறங்க, அவர் கையும் மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறங்கும். அங்கே காலி சிலிகான் பெட்டிகளுக்குள் நாள்பட்ட ரப்பர் பட்டைகள் படுத்திருந்தன.

கடைக்காரரின் தங்கை கணவர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். போன மாதம் வந்து, உறவுக்காரர் உரிமையோடு விடாப்பிடியாகப் பேரம் பேசினார். பேரம் சூடுபிடித்துவிட்டால் எதிரே நிற்பது யாரென்று கடைக்காரருக்குத் தெரியாது. கை தானாக இறங்கிவிட்டது. கார் தெருமுனை தாண்டிய பிறகுதான் உறைத்தது. அப்புறம் மாற்றிக் கொடுத்தால் போச்சு என்று விட்டுவிட்டார்.

இன்று மழை கொட்டும்போது தங்கை நனைந்துகொண்டே கடைக்குள் ஓடி வந்தாள்.

"அண்ணா, அவர் காரை விக்கப் போறாராம்! மழையில எதிர்ல வர்றது எதுவும் தெரியலையாம், கண்ணு போச்சுங்கிறார். டாக்டர்கிட்ட போகலாம்னா எரிஞ்சு விழறார்."

"வைப்பரைப் பாத்தாரா?"

"அதைத்தான் நானும் கேட்டேன். 'உங்கண்ணன் சிலிகானே கொடுத்திருக்கார், இன்னும் என்னடி வேணும்'னு என் வாயை அடைச்சுட்டார். வாசல்லதான் இருக்கார், நீ ஒரு வார்த்தை சொல்லேன்."

கடைக்காரருக்குக் காது மடல் சுட்டது. போய்க் காரின் முன்சீட்டில் உட்கார்ந்தார். தங்கை பின்னால் ஏறிக்கொண்டாள். வைப்பர் தட்டுத்தடுமாறிப் போய் வந்து, கண்ணாடியில் எண்ணெய் பூசினாற்போல ஒரு மங்கலை விட்டுச் சென்றது.

"உங்களுக்குத் தெளிவா தெரியுதில்ல மச்சான்?" என்றார் தங்கை கணவர்.

"எனக்கும் தெரியல மாப்பிள்ளை."

"என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லாதீங்க."

"இல்ல மாப்பிள்ளை. அது சிலிகான் இல்ல, காஞ்சுபோன ரப்பர். நான் கொடுத்ததுதான்."

மாப்பிள்ளை சிரித்தேவிட்டார். "ஊரையே ஏமாத்துவீங்க, எனக்குத் தெரியாதா? என்னையுமா ஏமாத்துவீங்க?"

"பாத்தீங்களா," என்றாள் தங்கை பின்னாலிருந்து, பெருமையாக. "உங்களுக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கிறார்."

எதையும் விற்றுவிடுகிற மனுஷர், தன் சரக்கு மட்டம் என்பதை மட்டும் விற்க முடியாமல் திணறினார். சத்தியம் செய்தார். இருவரும் இன்னும் சிரித்தார்கள்.

கடைசியில் கடைக்கு ஓடி, மேல்தட்டுப் பட்டைகளை எடுத்து வந்து, கொட்டும் மழையில் நின்றபடி பழையவற்றைக் கழற்றிப் புதியவற்றை மாட்டினார். வைப்பரை ஓட்டச் சொல்லிக் கைகாட்டினார்.

வைப்பர் சத்தமில்லாமல் போய் வந்தது. கண்ணாடிக்குள் இரண்டு முகங்களும் பளிச்சென்று தெரிந்தன. இரண்டிலும் சிரிப்பு இல்லை. தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

மாப்பிள்ளை பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார்.

"இது என்ன விலைங்க?" என்றார், முன்பின் தெரியாதவரைக் கேட்பதுபோல.

பேரமே பேசாமல், சொல்லும் விலையை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடுவார் போலிருந்தது.