மூச்சு வாங்காத வண்டி

வாடகைக்கு வந்த நாற்காலிகளை மகள் வாசலில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒவ்வொன்றையும் தரையில் அறைந்தாள் என்பதே சரி. உட்கார வந்தவர்கள் இரண்டடி தள்ளி நின்று அவள் கை ஓயட்டும் என்று காத்திருந்தார்கள்.

கூடத்தில் அப்பா கிடந்தார். நேற்று, ஜெனரேட்டர் ஏற்றிய டிரெய்லரைப் பிக்கப்பின் பின்னால் மாட்டிக்கொண்டு மலைமேல் இருக்கும் தொழிற்சாலைக்குப் போனவர். கடைசி வளைவில் எஞ்சின் படாரென்று செத்துவிட்டது. எஞ்சின் நின்றால் பிரேக்கும் பாதி பலத்தை இழந்துவிடும். சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கலாம் என்று இறங்கிப் பின்னால் போயிருக்கிறார். வண்டியும் டிரெய்லருமாக அவர் மேலேயே சறுக்கி இறங்கிவிட்டன. முகத்தில் ஒரு கீறல் இல்லை. அதைப் பெரிய ஆறுதல் மாதிரி வருகிறவர்கள் எல்லாரும் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

முகம் நன்றாக இருந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அப்பாவோடு பாரம் இழுத்த ஓட்டுநர்கள் சுவரோரம் நின்று பேசிய பேச்சைத்தான் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. இந்த வயதில் இவருக்கு ஏன் இந்த வேலை என்றார் ஒருவர். அளவுக்கு மீறி ஏற்றியிருப்பார் என்றார் இன்னொருவர். எஞ்சினைக் கவனிக்காமல் கண்மூடித்தனமாக மிதித்திருப்பார் என்று முடிவே கட்டிவிட்டார் மூன்றாமவர்.

அப்பாவா மிதிக்கிறவர்? ஏற்றம் முடிந்ததும் எஞ்சினைப் பட்டென்று அணைக்காமல், சூடு தணியும்வரை சும்மா ஓடவிட்டுப் பக்கத்தில் கைகட்டி நிற்கிற மனுஷன். குழந்தைக்கு ஏப்பம் வரவழைக்கிறார் என்று இதே ஆட்கள் கிண்டலடித்ததுண்டு. கிண்டலடித்தவர்கள் ஆளுக்கு இரண்டு எஞ்சின் மாற்றிவிட்டார்கள். அவர் வண்டியில் கம்பெனியிலிருந்து வந்த அதே எஞ்சின்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. பாரத்தோடு ஏறும்போது சூடு எல்லை தாண்டினால், வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் தானாகவே டீசலைக் குறைத்துவிடும். இழுவை தொய்ந்துபோகும். அப்பா அதை 'மூச்சு வாங்குது' என்பார். உடனே ஓரங்கட்டி, ஆறவிட்டுத்தான் கிளம்புவார். முள் காட்டுகிற மீட்டரைவிடக் காலடியில் தெரியும் அந்தத் தொய்வைத்தான் அவர் நம்பினார். அவரும் அவளும் முறை வைத்து ஓட்டிய வண்டி அது. அவளும் அப்படித்தான் ஓட்டினாள்.

இதையெல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டியவன் அண்ணன். எஞ்சின் கம்ப்யூட்டரைத் திறந்து இழுவையைக் கூட்டிக் கொடுப்பதுதான் அவன் பிழைப்பு. ஓட்டுநர்கள் அவனை 'டியூனிங்' என்றே கூப்பிடுவார்கள். அவனோ வாசலில் நின்று, அவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தான். சொன்னால் கேட்க மாட்டார், பிடிவாதக்காரர் என்று அவன் வாயாலேயே ஒரு தடவை சொன்னது அவள் காதில் விழுந்தது.

நாற்காலி வேலை முடிந்து அவள் உள்ளே வந்தபோது, பக்கத்துவீட்டுப் பெண்களிடம் அம்மா, அப்பாவோடு கடைசியாகப் போனில் பேசியதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“சாப்பிட்டாரான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். பாதி மலைல இருந்தார். அவ்வளவு சந்தோஷமாப் பேசினார். ‘இன்னிக்கு வண்டி மூச்சே வாங்கலடி, இந்தக் கிழவிக்கு வயசு திரும்பிடுச்சு’ன்னு சிரிச்சார்.”

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். மகளுக்கு மட்டும் அது உறுத்தியது. அந்த ஏற்றத்தில், அந்தப் பாரத்தோடு, மூச்சு வாங்காமல் எந்த வண்டியும் போகாது. அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவனும் அம்மா சொன்னதைக் கேட்டிருந்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று கொல்லைப்பக்கம் நடந்தான்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அவனைப் பிடித்தாள்.

“நம்ம வண்டிலயும் கை வெச்சியா?”

அவன் தொட்டித் தண்ணீரை ஒரு கை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான்.

“கேக்கறேன்ல.”

“போன வாரம், அவர் ஊர்ல இல்லாதப்ப. இழுவையைக் கொஞ்சம் ஏத்திவிட்டேன். நடு ஏத்தத்துல நின்னு நின்னு போறார், பின்னாடி வர்றவன்லாம் திட்டறான். அவருக்கு நல்லதுன்னுதான் பண்ணேன்.”

“மூச்சு வாங்கறதை?”

“அதை எடுத்துட்டேன்.”

“அவர்கிட்ட சொன்னியா?”

“சொன்னா விடுவாரா?”

துவைக்கிற கல்லை அவள் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிடிக்காவிட்டால் அவனை அடித்திருப்பாள். எஞ்சினுக்குள் சூடு எல்லை தாண்டிப் பிஸ்டன் உருகிக்கொண்டிருந்திருக்கிறது. மேலே உட்கார்ந்து அப்பா, வராத தொய்வுக்குக் காத்துக்கொண்டு, என் வண்டி மாதிரி உண்டா என்று பெருமையடித்திருக்கிறார்.

“அதை வெச்சுத்தான்டா அவர் ஓட்டினார்,” என்றாள். அண்ணனை அவள் ‘டா’ போட்டது அதுதான் முதல் தடவை.

அவன் அழத் தொடங்கினான். வெளியே தெரிந்தால் தொழிலே போய்விடும், ஒருத்தனும் வண்டியைக் கொண்டுவர மாட்டான், போன உயிர் திரும்பியா வரப்போகிறது என்றெல்லாம் புலம்பினான். அவன் அழுகை பொய்யில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததால் கோபம் குறையவில்லை, இன்னும் ஏறியது.

“அப்பாவை எடுக்கறதுக்கு முன்னாடி சொல்லிடு. அவங்க எல்லாரும் கேக்கணும். நான் சொன்னா நல்லா இருக்காது.”

அவன் சொன்னான். கூடத்துக்கும் வாசலுக்கும் நடுவே நிலையைப் பிடித்துக்கொண்டு, அப்பா மேல் தப்பில்லை என்று ஆரம்பித்து, தான் எடுத்தது என்ன, மறைத்தது என்ன என்று எல்லாவற்றையும் சொன்னான். இரண்டு இடத்தில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். யாரும் அவனைத் தேற்றவில்லை. அம்மா போர்வையின் ஓரத்தை இழுத்து விட்டாள். விட்ட ஓரத்தையே மறுபடியும் இழுத்து விட்டாள்.

யாராவது அவன் கன்னத்தில் ஒன்று வைப்பார்கள் என்று மகள் எதிர்பார்த்தாள். யாரும் வைக்கவில்லை. ஓட்டுநர்களில் மூத்தவரான மீசைக்காரர்தான் முன்னால் வந்தார்.

“தம்பி, என் வண்டிலயும் அதை எடுத்துட்டியா?”

“எல்லாருக்கும்தான். இழுவை வேணும்னு கேட்டீங்க.”

ஓட்டுநர்களின் பார்வை ஒரே நேரத்தில் தெருவுக்குப் போனது. அங்கே அவர்கள் வந்த பிக்கப்புகள் வரிசையாக நின்றிருந்தன. அப்பாவைப் பற்றி அதன் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

எடுக்கும் நேரம் வந்தது. பாடையைத் தூக்கத் தலைமாட்டில் குனியப்போன அண்ணனின் நெஞ்சுக்குக் குறுக்கே அவள் கையை நீட்டினாள்.

“நீ வர வேணாம்.”

“எனக்கும் அப்பாதான்.”

“இவங்கள்ல பாதிப் பேர் இதே வண்டியில மலையேறித்தான் வீட்டுக்குப் போகணும். நாங்க திரும்பி வர்றதுக்குள்ள எடுத்ததை எல்லாம் திரும்ப வை.”

அவன் அம்மாவைப் பார்த்தான். இந்த ஒன்றையாவது அம்மா தடுப்பாள் என்று நம்பினான் போலிருக்கிறது. அம்மா அப்பாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எல்லார்கிட்டயும் சாவி வாங்கிக்கோ,” என்றாள் அம்மா.

மீசைக்காரர் தன் சாவியை அவன் கையில் வைத்துவிட்டு, அவன் நின்ற இடத்தில் தோள் கொடுத்தார். மற்றவர்களும் போகிற போக்கில் ஆளுக்கொன்றாக வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு கை போதாமல் அவன் இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக்கொண்டான்.

ஊர்வலம் தெருமுனையைத் தாண்டும்போது, பின்னால் ஒரு டீசல் எஞ்சின் கிளம்பி, கொஞ்ச நேரம் ஓடி, நின்றது. பிறகு அடுத்தது கிளம்பியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா மட்டும் ஒரு கணம் நின்று அதைக் கேட்டாள். மகள் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.