நாக்குக்கடியில் குளிர்ந்த நீர்

...ஐந்து நிமிடம் போதும், வாய் நிறையக் குளிர்ந்த தண்ணீரை வைத்திருந்தால் நாக்குக்கடியில் எந்தச் சூடும் தெரியாது, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தவனுக்கு இதுகூடவா தெரியாது, மெதுவாக, இருமிவிடாதே, தையல் இழுக்கும்... நான்கு மணிக்கு நர்ஸ் சூடு பார்ப்பாள், ஐந்து மணிக்குப் பார்வையாளர்கள், காய்ச்சல் என்றால் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். இன்று அக்கா வருகிறாள். ஆறு வருடம் கழித்து.

"என்ன சார் உம்முன்னு இருக்கீங்க, யார் மேல கோவம்?" விழுங்கினேன். நர்ஸ் தெர்மாமீட்டரை வைத்து எடுத்தாள். "தொண்ணூத்தெட்டு. சமத்து."

காலையிலிருந்தே முதுகுக்குள் ஒரு நடுக்கம். குடலை வெட்டித் தைத்து இது நான்காம் நாள். டாக்டர் சொன்னாரே, "உடம்பு மொத்தமும் காயத்தைப் பார்க்க ஓடியிருக்கும், வாசல்ல காவலுக்கு ஆள் இருக்காது, லேசா சுட்டாலும் உடனே சொல்லணும்", யாரோ ஒருவனின் வயிற்றைப் பற்றிக் கேட்பதுபோல் தலையாட்டினேன். எனக்குத் தெரியாததா. வயிறு திறந்து மூடப்பட்டவர்களின் ரத்தத்தில் சில வெள்ளணுக்கள் கூட்டமாக அலையும், கிருமியை அடையாளம் காண்பவை மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக... ஆறு வருடம் முன்பு அம்மாவின் ரத்தம் தடவிய கண்ணாடித் தகட்டிலும் அப்படித்தான், அதுவும் ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள்தான், இரண்டு முறை எண்ணினேன். அக்கா போனில் கேட்டாள், "எவ்வளவுடா இருக்கு, கிளம்பி வரட்டுமா?" "நார்மல்தான்க்கா. மெதுவா வா." ஏன் சொன்னேன்? அவள் பயப்படக் கூடாதென்றா, வாயால் சொன்னால் உண்மையாகிவிடும் என்றா... அவள் உடனே போனை வைக்கவில்லை, கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. அவள் வந்தபோது அம்மாவின் கட்டிலில் புது விரிப்புப் போட்டிருந்தார்கள். அதன்பிறகு என்னோடு பேச்சில்லை.

வந்துவிட்டாள். மூக்கை மூடிய துணிக்கு மேலே அதே கண்கள். "என்னடா இப்படி வத்திட்ட?" "நீ குண்டாயிட்ட." "வாய் மட்டும் குறையல." அந்தக் கண்களில் பாதிச் சிரிப்பு, உடனே அணைந்தது. போர்வை நடுங்குவதைப் பார்த்துவிட்டாளா, காலை மடக்கினேன், தையல் சுரீரென்றது. "காய்ச்சல் இருக்காடா?"

"நார்மல்தான்க்கா."

எனக்கு முன்னால் வாய் சொல்லிவிட்டது. அதே சொல். அவள் உள்ளங்கையை என் நெற்றியில் வைத்தாள், எடுக்கவில்லை, எவ்வளவு குளிர்ச்சி அந்தக் கை... நர்ஸைக் கூப்பிடும் மணி தலையணை ஓரத்தில் தொங்குகிறது, என் கைக்கும் எட்டும், அவள் கைக்கும் எட்டும். அவள் அதைப் பார்க்கிறாள். என்னைப் பார்க்கிறாள். அழுத்தவில்லை. நானே சொல்லட்டும் என்று காத்திருக்கிறாளா... அன்றைக்குப் போனில் அந்த மூச்சு, அதுவும் இப்படித்தானா?