முன்தேதியிட்ட கள்

மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டதால், சிறு கள் உற்பத்தியாளர்கள் உரிமம் பெறத் தங்கள் பனையை நேரில் அழைத்துவர வேண்டும் என்று ஆணை வந்தது. தங்கையன் காலை ஒன்பது மணிப் பேருந்தில் பனையோடு வந்து இறங்கினார். பனைக்கு அரை டிக்கெட்.

அலுவலக வாசலில் பனை தலையைக் குனிந்து நுழைந்தது. உள்ளே நாற்பது பேர், நாற்பது பனை. ஓலை மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். இந்த மாதிரி விஷயங்களில் அரசாங்கத்துக்குக் கருணை அதிகம்.

தங்கையன் இருபத்தெட்டு வருடமாகத் திருட்டுக் கள் இறக்குகிறவர். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பனஞ்சாறு புளிக்காது. அது பதநீர், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். தடவாவிட்டால் கள். சோதனைக்கு வருகிறவர்கள் விரலை விட்டுப் பார்ப்பார்கள் என்பதால், அவர் கலயத்தின் வாய்ப்பக்கம் மட்டும் சுண்ணாம்பு பூசுவார்.

மகளின் மாமியார் வீட்டில் யாராவது என்ன தொழில் என்று கேட்டால், இருமிக்கொண்டே எழுந்து போய்விடுவார். உரிமம் கிடைத்துவிட்டால் இரும வேண்டாம். அதற்காகத்தான் வந்திருந்தார்.

ஏழாம் மேசை அதிகாரி சுசீலாதேவி கோப்பைப் புரட்டினார்.

"ஒமக்கு யோகம்தான். திருத்தம் முன்தேதியிட்டு வருது. நீரு எறக்குன கள்ளு எல்லாம் மொத நாள்லேருந்தே சரி."

"அப்போ நான் தப்பே செய்யலியா?"

"செய்யல. ஆனா ஒரு பொய் மிச்சம் நிக்குது. குத்தமே இல்லாம ஒரு பொய்ய எந்தக் கோப்புல வைக்க?"

"எந்தப் பொய்?"

அவர் பேனாவால் நடைபாதையைக் காட்டினார். காட்டிய பிறகு அது நீண்டது. தங்கையன் நடந்தார். பனையும் பின்னால் வந்தது. கடைசியில், சுவரோரமாக அவருடைய மகள் லில்லிபுஷ்பம் நின்றிருந்தாள். ஒன்பது வயது. அதே நேரம் அவள் முப்பத்தாறு வயதில் மார்த்தாண்டத்து வங்கியில் வேலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் இங்கே நிற்பதில் அவளுக்கு இடைஞ்சல் ஒன்றுமில்லை.

கையில் எவர்சில்வர் தம்ளர். நிறையக் கள்.

ஒன்பது வயதில் அவள் அந்தத் தம்ளரைத் தூக்கிய நாள் தங்கையனுக்கு நினைவுக்கு வந்தது. சோதனைக்கு வந்தவர் விரலை ஆழமாக விட்ட நாள் அது. "பதநீரா, கள்ளா?" என்று அவர் கேட்டபோது தங்கையனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மகள்தான், "பதநீரு சார், நான் டெய்லி குடிப்பேன்" என்று சொல்லி, ஒரு தம்ளர் மொண்டு ஒரே மூச்சில் குடித்துக் காட்டினாள். வந்தவர் போனதும் தோப்புக்குள் ஓடி வாந்தி எடுத்தாள். தங்கையன் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. வெட்கம் கெட்டவன் என்று தன்னையே திட்டிக்கொண்டதோடு சரி.

"அன்னையிலேருந்து இங்கதான் நிக்கியா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா. யாரும் போகச் சொல்லல."

சுசீலாதேவி மேசையோடு வந்து சேர்ந்திருந்தார்.

"ரெண்டு வழி இருக்கு. அந்தத் தம்ளர நீரு வாங்கிக் குடிச்சி, 'இது கள்ளுதான், பிள்ளைய நான்தான் நிக்க வெச்சேன்'னு எழுதித் தரலாம். அவ வீட்டுக்குப் போயிருவா. உரிமம் கெடையாது. எறக்குறவன் குடிக்கப்பிடாதுன்னு விதி."

"இன்னொரு வழி?"

"பதநீருதான்னு அவளே இன்னொருக்கா குடிச்சிக் காட்டட்டும். உரிமம் கெடச்சிரும். அவ இங்கயே நிப்பா."

தங்கையன் பனையைப் பார்த்தார். அது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. கையை நீட்டினால் தம்ளர் எட்டும் தூரம்தான். கையை அவர் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"குடிக்கணுமாப்பா?"

"பதநீருதான மக்ளே."

அவள் தம்ளரை இரண்டு கையாலும் தூக்கினாள். சுசீலாதேவி முத்திரை குத்தினார். தம்ளர் காலியாக ரொம்ப நேரம் ஆனது. அவள் வாயைப் புறங்கையால் துடைத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவரைத் தேற்றுகிற மாதிரி சொன்னாள்.

"இனிப்பாத்தான் இருக்குப்பா."