இறங்கும் வண்டிக்குத் தண்ணீர்

குன்றின் மேலிருந்த அந்தப் பழைய ஊரை ஒரு நாள் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் திரும்பும்போது எடை குறைந்துதான் போனார்கள். ஆளுக்கு ஒன்றரை கிலோ, இரண்டு கிலோ. மழைக்காலத்தில் சற்றுக் கூடுதல். எப்படித் தெரிந்தது என்றால், தண்ணீர் காட்டிக்கொடுத்தது. ஊருக்குப் போகச் சரிவில் தண்டவாளம் உண்டு. அதில் இரண்டு வண்டிகள், ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளில். வடம் மேல் நிலையத்தில் ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்றி வரும். ஒன்று இறங்கினால்தான் மற்றது ஏறும். எஞ்சின் கிடையாது. ஒவ்வொரு வண்டியின் அடியிலும் ஒரு தொட்டி இருக்கும். கீழ் நிலையத்துக்காரர் எத்தனை பேர் ஏறியிருக்கிறார்களோ அத்தனை முறை மணி அடிப்பார். மேலே இருப்பவர் அதை எண்ணி, தன் வண்டியின் தொட்டியில் ஊற்றுநீரைத் திறந்துவிடுவார். மேல் வண்டி கனத்ததும் சக்கரத்தின் பிரேக்கைத் தளர்த்தினால் போதும், அது இறங்கி மற்றதை மேலே இழுத்துவிடும். கீழே போனதும் தொட்டியைக் காலி செய்வார்கள். இவ்வளவுதான் விஷயம். மத்தியானத்தில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் இருப்பார்கள். அப்போது வண்டியை நகர்த்தக் கொஞ்சம் தண்ணீரே போதும். ஆனால் அதற்கு மேலும் தேவைப்பட்டது. அந்த மிகுதித் தண்ணீரை இறங்கும் ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துத்தான் கணக்குச் சொன்னார்கள்.

குறைந்த எடை எங்கே போயிற்று என்பதும் ஊருக்குத் தெரியும். கடிகாரக் கூண்டில் கொஞ்சம், நாணயம் அடித்த பழைய கட்டடத்தில் கொஞ்சம், சிறைக்கூடத்தில் அதிகம். எல்லாவற்றையும்விட அதிகம், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நிற்கும் கோட்டை மதிலில். அங்கே கைகளை ஊன்றி நிற்கிறவர்கள் ஒரு பெருமூச்சு விடுவார்கள். ஏதோ ஒன்று அடியில் விழும். மதிலடியைப் பெருக்குகிறவருக்கு நகராட்சி இரும்புப்பிடி போட்ட துடைப்பம் வாங்கிக் கொடுத்திருந்தது. தள்ளுவண்டியின் அச்சு அடிக்கடி முறியும். உள்ளூர்க்காரர்கள் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்காலியை மட்டும் நல்ல மரத்தில் செய்துகொண்டார்கள்.

மருந்துக்கடையில் வேலை பார்த்த ஒரு பெண் ஒரு சுற்றுலாக் கூட்டத்தோடு அங்கே வந்தாள். பல வருஷம் படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டவள். அம்மா போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. மதிலில் கை ஊன்றி நின்றவள் எல்லோரையும்விட அதிக நேரம் நின்றாள். சாயங்கால வண்டியில் வந்து உட்கார்ந்தபோது அவள் இருக்கையைத் தொடவில்லை. ஒரு விரல் உயரத்தில் இருந்தாள். தொட்டி நிரம்பி வழிந்தது, வண்டி அசையவில்லை. அவளை இறக்கிவிட்டதும் மற்றவர்களோடு வழக்கம்போல் இறங்கிற்று. அதாவது அவள் எடை இழந்ததோடு நிற்கவில்லை, பூஜ்யத்துக்கும் கீழே போயிருந்தாள். பையில் கல்லை வைத்துப் பார்த்தார்கள். அவள் மடிக்கு வந்ததும் கல்லும் பஞ்சாகிவிட்டது. படிக்கட்டு வழியாகக் கைபிடித்துக் கூட்டிப்போன இரண்டு பேர் முதல் திருப்பத்திலேயே காற்றில் அவளோடு சேர்ந்து எழும்பி, பயந்து திரும்பினார்கள்.

அவள் போயே ஆக வேண்டும். அவளுடைய தங்கைக்கு மாதக் கடைசியில் தலைப்பிரசவம். பக்கத்தில் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். ஆனால் அம்மாவின் மருந்து வேளைகளும் தங்கையின் பயமும் அவளிடம் ஒரே மூட்டையாக இருந்தன. மதிலடியில் மூட்டையே விழுந்துவிட்டது. வாக்கு ஞாபகம் இருந்தது, அதில் கனம் இல்லை. டிக்கெட் கொடுக்கும் அக்காவின் போனிலிருந்து தங்கையிடம் பேசினாள்.

"வந்துடுவேன்டி, கவலைப்படாதே."

"ஏன்க்கா யாரோ மாதிரி பேசறே?" என்றாள் தங்கை.

போனை வைத்தபின் அவள், "அழுகை வரணும் இல்லையா? வரமாட்டேங்குது" என்று டிக்கெட் அக்காவிடம் சொன்னாள். அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயமும் லேசாகத்தான் இருந்தது.

டிக்கெட் அக்கா அவளைத் தன் வீட்டிலேயே தங்கவைத்தாள். அக்காவின் தம்பிதான் மேல் நிலையத்தில் தண்ணீர் ஊற்றி பிரேக் பிடிக்கிறவர். ஊரில் அவருக்கு லிட்டர் என்று பெயர். பெருக்குகிறவர் மதிலடியில் விழுந்து கிடந்ததை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து, "இதுல உன்னோடது எதும்மா, பாத்து எடுத்துக்கோ" என்றார். எல்லாம் கலந்து கிடந்தது. அவள் ஒரு கை அள்ளினாள். வளர்த்தே இராத ஒரு நாய்க்காக நாள் முழுக்க அழுதாள். இன்னொரு கை அள்ளினாள். யாருடைய சித்தப்பா மேலோ, ஒரு கைக்கடிகாரத்துக்காக, அப்படியொரு கோபம் வந்தது. தன்னுடையது இல்லாததால் பொழுது சாய்வதற்குள் உதிர்ந்துவிட்டது.

கனம் எதிலிருந்து வரும் என்பது தற்செயலாகத்தான் தெரிந்தது. ஒரு காலையில் அக்கா, "அடுப்புல பால் இருக்கு, பொங்காம பாத்துக்கோம்மா, உன்னை நம்பித்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு டிக்கெட் ஜன்னலைத் திறக்கப் போய்விட்டாள். வந்து பார்த்தால் அந்தப் பெண்ணின் கால்கள் தரையில் இருந்தன. கல்லுக்கு இல்லாத கனம் பாலுக்கு எப்படி வந்தது என்று கேட்டால், கல்லை யாரும் திருப்பிக் கேட்கப் போவதில்லை. பாலை ஒருத்தி வந்து கேட்பாள். அதன்பின் அக்கா வீட்டுச் சாவியைக் கொடுத்தாள், செடிக்குத் தண்ணீர் விடச் சொன்னாள், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைப் பிடிக்கச் சொன்னாள். தினமும் முதல் வண்டிக்கு முன் அவளை உட்காரவைத்துத் தம்பி தொட்டியை நிரப்பிப் பார்ப்பார். வண்டி சற்று நடுங்கும், நகராது.

நகராததற்குக் காரணம் அவரேதான். சுமந்து வந்தவளுக்கு இனி ஒரு சுமையும் தரக் கூடாது என்பது அவர் எண்ணம்; வருகிறவர்களின் கனத்தை இறக்கிவைத்தே பழகிய ஊர்க்காரருக்கு வேறென்ன தோன்றும்? அக்கா ஒரு நாள் பொரிந்து தள்ளினாள்.

"நான் குடுக்கறதை எல்லாம் நீ பிடுங்கிடறியேடா. பால் பாக்கச் சொன்னா நீ போய் அடுப்பை அணைக்கறே. சாவியைக் குடுத்தா வாங்கி ஆணியில மாட்டறே."

"பாவம்க்கா. எவ்வளவு பட்டிருக்காங்க."

"அதுக்காகக் காத்தாடி மாதிரி பறக்கவிடப் போறியா? வந்ததிலேருந்து அவகிட்ட ஒரு உதவி கேட்டிருக்கியா நீ? வாயைத் தச்சா வெச்சிருக்கே?"

கேட்பதற்குத் தம்பியிடம் ஒன்று இருந்தது. அது பெரியதாக இருந்ததால் கேட்கவில்லை.

எதிர்பார்த்ததற்கு ஒரு வாரம் முன்பே தங்கையிடமிருந்து போன் வந்தது. வலி எடுத்துவிட்டது. "அக்கா, நீ எங்கக்கா இருக்கே" என்ற குரல் ஜன்னலுக்கு வெளியேயும் கேட்டது. அவளை வண்டியில் உட்காரவைத்தார்கள். தொட்டி விளிம்பு வரை நிரம்பியது. கீழ் நிலையத்தில் பயணிகளை ஏற்றாமல் வண்டியைக் காலியாக நிறுத்தினார்கள். இங்கே வடம் முறுக்கேறி நின்றது. இன்னும் ஒரு கைப்பிடி கனம் போதாமல் இருந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சார், ஏதாவது பண்ணுங்க" என்றாள்.

தம்பி பிரேக்கில் கை வைத்தபடி சொன்னார். "எனக்குக் காது கேக்கலைங்க."

அவள் சற்று உரக்க, "ஏதாவது பண்ணுங்கன்னு சொன்னேன்" என்றாள்.

"அது கேட்டுது. பக்கத்துல பேசினா கேக்குது. மணி கேக்கலை. வடத்துல கை வெச்சு, அதிருறதை எண்ணித்தான் தண்ணி விடறேன். அக்காவுக்கும் தெரியாது. வேலை போனாப் போகட்டும். ஒரு நாள் தப்பா எண்ணிட்டேன்னா? வண்டியில குழந்தைங்க வராங்க. யார்கிட்டயும் சொன்னதில்லை. நீங்க மருந்துக்கடையில இருந்தவங்க. என்ன பண்ணலாம்னு யோசிச்சு, வந்து சொல்லணும் எனக்கு."

அவள் முகம் மாறியது. மருந்துச் சீட்டைப் படிக்கும்போது அவள் நெற்றி அப்படித்தான் சுருங்கும். "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டாள். "சீழ் வருதா? இரைச்சல் இருக்கா?" இருக்கைப் பலகை கிரீச்சிட்டது. அவர் பிரேக்கைத் தளர்த்தினார். வண்டி நகர்ந்தது. அவள் கம்பியிலிருந்து எட்டிப் பார்த்து, "எந்தக் காது?" என்றாள். வண்டி இன்னும் கொஞ்சம் இறங்கிற்று. "எந்தக் காதுன்னு கேட்டேன்!" அவருக்கு விழவில்லை. அவர் பார்த்ததெல்லாம், அவள் முகம் நனைந்திருந்ததும், அவள் இருக்கையில் அழுந்த உட்கார்ந்திருந்ததும்தான். வண்டி வளைவைத் தாண்டியபின்னும் குரல் வந்துகொண்டிருந்தது. டிக்கெட் ஜன்னலிலிருந்து அக்கா தலையை நீட்டி, "வலது காதா இடது காதான்னு கேக்கறாடா, செவிடா!" என்று கத்தினாள். கத்திவிட்டு, சொன்னது தனக்கே உறைத்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தாள். பிரசவ அறையில் தங்கை அவள் கையை நெரித்த நெரிப்பில் கட்டைவிரல் வீங்கிப்போனது. பெண் குழந்தை. அது குப்புற விழுந்த மாதத்தில் அவள் மறுபடி குன்றேறி வந்தாள். சொன்னபடி யோசித்து வந்திருந்தாள். அவரை டாக்டரிடம் கூட்டிப்போனாள்; ஒரு காதில் வெறும் குரும்பிதான். டாக்டர் பத்து நிமிஷத்தில் எடுத்துவிட்டார். மற்றது நிஜமாகவே போயிருந்தது. அதற்கு, கீழே மணி அடித்தால் மேலே எரியும்படி ஒரு விளக்கை நகராட்சியிடம் கேட்கவைத்தாள். வேலை போகவில்லை. அடுத்த வருஷம் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். சுற்றிப் பார்க்க வேண்டிய இடங்களைச் சொல்லும் நகராட்சி அட்டையில் இதெல்லாம் இல்லை. கடிகாரக் கூண்டு, சிறைக்கூடம், மதில், திறந்திருக்கும் நேரம், அவ்வளவுதான்.

வருகிறவர்கள் இன்றைக்கும் எடை குறைந்துதான் போகிறார்கள். கடைசி வண்டி புறப்படும் முன் அவள் ஒருமுறை உள்ளே பார்ப்பாள். யாராவது இருக்கையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தால் ஒரு பையைக் கொண்டுவந்து மடியில் வைப்பாள். "இதைக் கீழ மணி அடிக்கறவர்கிட்ட குடுத்துடறீங்களா? பசியோட பாத்துக்கிட்டிருப்பார்" என்பாள். அதில் அவருடைய ராத்திரிச் சாப்பாடு சூடாக இருக்கும். இரண்டு பேர் அப்படி இருந்தால் குடிதண்ணீர் பாட்டிலைத் தனியே எடுத்து இரண்டாமவரிடம் கொடுப்பாள். அவர்கள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொள்வார்கள். வண்டி இறங்கும்.