டெல்பினின் குறைகள்

கன்னியாஸ்திரியாகப் போகிறேன் என்று என் மகள் டெல்பின் சொன்னபோது, எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. ஒரே பெண். நர்சிங் முடித்துவிட்டு இங்கே சிதம்பரத்திலேயே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். அவளைக் கட்டிக்கொடுத்துப் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சலாம் என்று இருந்தேன்.

கடலூர் மடத்திலிருந்து சிஸ்டர் ஜோவிட்டா போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறாராம். சேர்ப்பதற்கு முன்னால் குடும்பத்தோடு பேசிவிட்டுப் போவது அவர்கள் வழக்கமாம். என் வீட்டுக்காரர் ஆரோக்கியராஜ், பண்ருட்டியில் பலாப்பழ லாரி ஓட்டுகிறவர், இதைப் பெண் பார்க்கிற சடங்காகவே ஆக்கிவிட்டார். பக்கத்து வீட்டு நாற்காலிகளை வாங்கிப் போட்டார். மல்லிகைப்பூ வந்தது. பஜ்ஜி, சொஜ்ஜி செய்யச் சொன்னார்.

"வர்றவுங்க யாரா இருந்தா என்னா, பொண்ணு கேட்டுத்தான வர்றாங்க" என்றார்.

நானும் மாவைக் கரைத்தேன். ஆனால் மனசுக்குள் வேறு கணக்கு. பெண் பார்க்க வருகிறவர்களிடம் குறைகளை மறைப்பார்கள். நான் ஒன்றுவிடாமல் கொட்டிவிடுவது, அவர்களே வேண்டாமென்று போய்விடட்டும்.

சிஸ்டர் வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன். காலையில் எழுந்திருக்க மாட்டாள், எதிர்த்துப் பேசுவாள், ஜெபமாலை சொல்லும்போதே தூங்கி விழுவாள், பூசையில் பாதி நேரம் சிரிப்புதான். ஆரோக்கியராஜ் என் காலை மிதித்தார். நான் நிறுத்தவில்லை. சிஸ்டர் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படின்னா இவுங்களுக்கு எங்க வாழ்க்கை ஒத்து வராது போலருக்கும்மா. பரவால்ல, விட்டுடலாம்" என்றார்.

நான் கேட்க ஆசைப்பட்டது அதைத்தான். ஆனாலும் என் வீட்டில் உட்கார்ந்து, நான் சுட்ட பஜ்ஜியைத் தின்றுவிட்டு, என் பெண்ணை ஒருத்தர் வேண்டாமென்று சொல்வதா? எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்னா சிஸ்டர் இப்பிடி சொல்லிட்டீங்க? அவளப் பத்தி ஒங்களுக்கு என்னா தெரியும்? ஆஸ்பத்திரில ஆண்டின்னு ஒரு பெரியவரு நாதியில்லாம கெடந்தாரு. இவ லீவு நாள்லயும் கஞ்சி எடுத்துக்கிட்டு ஓடுவா. நகம் வெட்டி வுடுவா. சிரிக்க வச்சிட்டுத்தான் வருவா. அவரு செத்த அன்னிக்கு இவ சோறு திங்கல. இப்பிடி ஒருத்தி கெடைக்க ஒங்க மடம் குடுத்து வச்சிருக்கணும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. சமையலறை வாசலில் சொஜ்ஜித் தட்டோடு டெல்பின் நின்றிருந்தாள். தலையில் அப்பா வாங்கி வந்த பூ. கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

"அப்ப அனுப்புறீங்களாம்மா?" என்று கேட்டார் சிஸ்டர். "கொஞ்ச நாளு எங்ககூடத் தங்கிப் பாக்கட்டும். புடிக்கலன்னா வந்துடட்டும். பொண்ணும் எங்களப் பாக்கணும்ல."

ஆரோக்கியராஜ் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. அவளை விட மனசே இல்லை. ஆனால் சொன்ன சொல்லை எங்கே கொண்டுபோய் வைப்பது? எழுந்துபோய் அவள் கையிலிருந்த தட்டை வாங்கி, சிஸ்டர் முன்னால் நானே வைத்தேன்.

"காலைல எழுப்ப ஒரு ஆளு போட்டுடுங்க சிஸ்டர்" என்றேன். "நா சொன்ன கொறைல அது மட்டும் நெசம்."